பஞ்சுக்கு உள்ள காவல் நெஞ்சுக்கு இல்லை

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகிற ரோட்டில் ஒரு பஸ் நிழற்குடை. மழை. இருபது பேர் நிற்கக் கூடிய இடத்தில் ஐம்பது பேர் ஒதுங்கி நின்றோம். அதில் ஓர் அம்மாள், இடுப்பில் குழந்தை. குழந்தைக்கு இழுப்பு; மூச்சு வாங்குகிற சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பக்கத்தில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டும் கையில் சிகரெட்டுமாக ஒரு கனவான். அந்த அம்மாள் முதலில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிப் பார்த்தாள். கடைசியில், "ஏனுங்க, கொஞ்சம் அத அணைச்சுப் போடுங்க, கொழந்தைக்கு இழுப்புங்க" என்று கேட்டும் விட்டாள். கனவான் கோபிக்கவில்லை. சிரித்துக் கொண்டே, "எங்காசுல வாங்கி எவ்வாயில வெக்கறேன் அம்மிணி. உனக்கு ஆகலீன்னா அக்கட்டால போயி நில்லு" என்றார். அக்கட்டால என்றால் மழை. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும், நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம், பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக் கொண்டிருந்தோம். அந்த அம்மாள் குழந்தையோடு மழையில் போய் நின்றாள்.

அன்று வாய் திறவாமல் நின்ற வெட்கத்தினால்தான் இந்தத் தலையங்கம் எழுதப்படுகின்றது.

காசு அவருடையது, ஒப்புக் கொள்ளுகின்றோம். வாயும் அவருடையது, அதையும் ஒப்புக் கொள்ளுகின்றோம். ஆனால் அந்த வாயிலிருந்து வெளியே வந்த புகை யாருடையது? அது அவருடைய சொத்தானால் அவரே வைத்துக் கொள்ளட்டும். தன் வீட்டுச் சாக்கடையைப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் திருப்பி விட்டு, "என் வீட்டுத் தண்ணீர், என் இஷ்டம்" என்று ஒருவன் சொன்னால் ஊர் அவனைச் சும்மா விடுமா? குடிக்கிற தண்ணீருக்கு உள்ள நியாயம் இழுக்கிற மூச்சுக்கு ஏன் இல்லை என்று கேட்கின்றோம்.

புகை பிடிப்பவர்களைத் திருத்துவதற்காக நாம் எழுத வரவில்லை. வயது வந்த ஒருவன் தன் உடம்பைத் தானே கெடுத்துக் கொள்ளுவதானால் அது அவனுக்கும் அவன் அறிவுக்கும் உள்ள வழக்கு. பீடியைப் பாவம் என்றோ, சுருட்டைத் தீட்டு என்றோ பிரசங்கம் செய்வது நமது வேலையல்ல. நம்முடைய கேள்வி எல்லாம் பக்கத்தில் இருப்பவனைப் பற்றியதே. அவன் கடையில் போய் வாங்கவில்லை, பற்ற வைக்கவில்லை, அதில் அவனுக்கு ஒரு சுகமும் கிடையாது. வியாதி மட்டும் அவனுக்கும் பங்கு என்றால் இது எந்த ஊர் நியாயம்?

வியாதி என்பது வெறும் மிரட்டல் என்று நினைப்பவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லுகின்றோம். ஒரு சிகரெட்டிலிருந்து இரண்டு விதப் புகை வருகிறது. பிடிப்பவன் உள்ளே இழுத்து வெளியே விடுவது ஒன்று; இரண்டு இழுப்புக்கு நடுவே, விரல் இடுக்கில், நெருப்பு முனையிலிருந்து தானாகக் கிளம்புவது இன்னொன்று. இந்த இரண்டாவது, குறைந்த சூட்டில் அரையும் குறையுமாக எரிந்து வருவதால் இதில் பல விஷங்கள் கூடுதலாகவே இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவனுக்குப் போவது பெரும்பாலும் இதுதான். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருப்பதாகவும், அவற்றுள் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் பிரித்துக் காட்டி விட்டார்கள். தாங்கள் புகைக்காமலே பிறர் புகையால் இறப்பவர்கள் உலகத்தில் வருஷத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது.

இது எப்படித் தெரிய வந்தது என்பதும் அறிய வேண்டியதே. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர், தாங்கள் புகை பிடிக்காத 91,540 மனைவிமார்களை 14 வருஷ காலம் தொடர்ந்து கவனித்து 1981ஆம் வருஷம் முடிவை வெளியிட்டார். புகை பிடிக்கும் கணவனோடு வாழ்ந்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் சாவது அதிகமாக இருந்தது. கணவன் பிடித்த சிகரெட்டின் எண்ணிக்கை ஏற ஏற மனைவியின் ஆபத்தும் ஏறியது. மிக அதிகமாகப் பிடித்தவர்களின் மனைவிமார்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. புகையிலைக் கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? கூலிக்கு ஆள் பிடித்து மறுப்பு எழுத வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய சொந்த நிபுணர்களே "அவர் சொல்லுவது சரிதான்" என்று உள்ளுக்குள் ஒப்புக் கொண்ட காகிதங்கள் பிற்பாடு வெளியே வந்து மானத்தை வாங்கின. அந்த மனைவிமார்கள் செய்த குற்றம் என்ன? ஒரே வீட்டில் மூச்சு விட்டதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், "என் தாத்தா எண்பது வயது வரை சுருட்டுப் பிடித்தார், கல்லுக் குண்டு மாதிரி இருந்தார், எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லும் பேர்வழிகள் எந்த ஊர்த் திண்ணையிலும் உண்டு. ஐம்பதில் செத்த தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்து வாதம் செய்ய வருவதில்லை. அதனால் பிழைத்த தாத்தாக்களின் சாட்சி மட்டுமே எங்கும் கேட்கிறது. தலையெழுத்துத்தான் காரணமென்றால் வயலுக்கு வேலி எதற்கு, வீட்டுக்குப் பூட்டு எதற்கு? இன்னும் சிலர், முனியப்பனுக்கும் கருப்பணசாமிக்கும் சுருட்டுப் படைக்கிறோமே, சாமிக்கே ஆகிறது மனிதனுக்கு ஆகாதா என்கிறார்கள். சாமிக்கு நுரையீரல் இல்லை. ஆகவே அவருக்கு ஒன்றும் ஆகாது. அங்கே புகையை வாங்குவது பூசாரியும், படைக்கப் போனவன் குழந்தைகளுமே.

நிற்க, இந்த விஷயத்தில் நம் ஊர் மரியாதை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் பீடி பிடிக்கிறவன் தன் அப்பனைக் கண்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான். தாய்மாமனைக் கண்டால் கீழே போட்டு மிதிக்கிறான். பண்ணையில் வேலை செய்கிறவன் பண்ணாடி வரும் சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்து விட்டுக் கையைக் கட்டிக் கொள்ளுகிறான். ஆக, புகை பிறருக்கு ஆகாது, பிறர் முன் விடக் கூடாது என்பது நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தப் 'பிறர்' யார் என்பதில்தான் மோசம் இருக்கிறது. வயதிலும், பணத்திலும், சாதியிலும் மேலே இருப்பவன் முன்னால் மறைகிற அதே பீடி, மனைவி முன்னால் மறைவதில்லை; தொட்டிலில் கிடக்கும் பிள்ளை முன்னால் மறைவதில்லை; கூட வேலை செய்கிற பெண்ணாள் முன்னால் மறைவதில்லை. பண்ணாடியோ யார் முன்னாலும் மறைப்பதில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து ஊதுகிற புகையைக் கீழே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருப்பவன் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொள்ள வேண்டும்; சுளித்தால் திமிர். மரியாதை என்ற பெயரால் நடப்பது இது. மரியாதை மேல் நோக்கிப் போகிறது. புகை கீழ் நோக்கி வருகிறது.

இந்த இடத்தில்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் பண்ணாடி மூச்சு என்றும் பண்ணையாள் மூச்சு என்றும் இரண்டு கிடையாது. அல்லது, கிடையாது என்றாவது எழுதி வைத்திருக்கிறது.

நம்முடைய தொழிலையே எடுத்துக் கொள்ளுவோம். பல்லடத்தைச் சுற்றி விசைத்தறி, கோயமுத்தூரில் மில், திருப்பூரில் பனியன் கம்பெனி. பஞ்சுக் குடோனிலோ ஜின்னிங் பாக்டரியிலோ ஒருவன் பீடியை எடுத்துப் பற்ற வைக்கட்டும், அன்றே அவன் கணக்குத் தீர்ந்தது. வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துக் கொண்டு உள்ளே விடும் இடங்களும் உண்டு. காரணம் என்ன? பஞ்சு தீப்பிடிக்கும். முதலாளியின் பேல் எரிந்து போகும். நியாயந்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதே முதலாளியின் ஆபீசில் சிகரெட்டுப் புகை மண்டிக் கிடக்கிறது. கணக்கு எழுதும் பெண் இருமிக் கொண்டே எழுதுகிறாள். பல தறிக்கூடங்களில் நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் வேண்டுமென்று ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏற்கனவே பஞ்சுத் தூசி. அந்தத் தூசியை இழுத்து இழுத்து நெஞ்சு அடைத்துப் போன தறிக்காரனுக்கு ராத்திரி ஷிப்டில் பக்கத்துத் தறிக்காரன் பீடிப் புகையும் சேர்கிறது. பஞ்சுக்கு உள்ள காவல் நெஞ்சுக்கு இல்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தந்தான் உண்டு: பஞ்சுக்கு விலை கொடுத்திருக்கிறது, நெஞ்சு சும்மா வந்தது.

இதே வழக்கு அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. நியூ ஜெர்சி மாகாணத்தில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த டோனா ஷிம்ப் என்ற பெண்ணுக்குச் சிகரெட்டுப் புகை ஒத்துக் கொள்ளாது. கூட வேலை பார்ப்பவர்களோ விடாமல் ஊதுகிறார்கள். கம்பெனியிடம் முறையிட்டுப் பலனில்லாமல் வழக்குப் போட்டார். 1976ஆம் வருஷம் டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்தக் கம்பெனியில் டெலிபோன் யந்திரங்கள் இருக்கும் அறையில் புகை பிடிக்கக் கூடாது என்று முன்னமேயே விதி இருந்தது. புகை பட்டால் யந்திரம் கெடுமாம். நீதிபதி இதைப் பிடித்துக் கொண்டார். யந்திரத்துக்கு இவ்வளவு கவலைப்படும் கம்பெனி மனிதர்களுக்கும் அந்த அளவாவது கவலைப்பட வேண்டும் என்ற கருத்தைச் சொல்லி, வேலை செய்யும் இடத்தில் புகையைத் தடுக்கும்படி உத்தரவிட்டார். யந்திரம் இருந்த இடத்தில் நம்மூர்ப் பஞ்சை வைத்துப் பாருங்கள். வழக்கு அப்படியே பல்லடத்து வழக்காகி விடும். பிறகு 1991ஆம் வருஷம் அந்நாட்டு ஆகாய விமானங்களில் பணிப்பெண்களாக இருந்தவர்கள், பிரயாணிகள் விட்ட புகையால் தங்களுக்கு வியாதி வந்ததென்று சிகரெட் கம்பெனிகள் மேலேயே பிராது கொடுத்தார்கள். அவர்களில் முதல் பெண் ஒரு நாளும் புகை பிடித்தறியாதவர். அவருக்கு நுரையீரல் புற்றுநோய். 1997ஆம் வருஷம் கம்பெனிகள் 30 கோடி டாலர் ஆராய்ச்சி நிதிக்குக் கொடுத்துச் சமாதானம் செய்து கொண்டன.

அமெரிக்கா வரை போவானேன், வாளையாற்றைத் தாண்டினால் போதும். கேரளத்தில் பிறர் புகையால் தொல்லைப்பட்டவர்கள் உயர்நீதி மன்றத்துக்குப் போனார்கள். ராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு என்று அந்த வழக்குக்குப் பெயர். 1999ஆம் வருஷம் ஜூலை 12ந் தேதி நீதிபதிகள் ஏ.ஆர். லட்சுமணனும் கே. நாராயண குருப்பும் தீர்ப்புச் சொன்னார்கள். முதல்வர் நம்முடைய தேவகோட்டைக்காரர். பொது இடத்தில் சிகரெட், பீடி, சுருட்டு எதைப் பிடித்தாலும் அது சட்ட விரோதம். அரசியல் சட்டத்தின் 21ஆவது விதி கொடுக்கும் உயிர் வாழும் உரிமைக்கு விரோதம் என்பது அந்தத் தீர்ப்பு. ஜில்லாக் கலெக்டர்கள் ஒரு மாதத்துக்குள் தடை உத்தரவு போட வேண்டும், பொது இடத்தில் புகைப்பவன் மேல் பொதுத் தொல்லைக் குற்றத்தின் கீழ் போலீசார் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

இதில் நம் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த நீதிபதிகள் புதுச் சட்டம் எதையும் தேடிப் போகவில்லை. பொதுத் தொல்லை என்னும் குற்றம், 1860ஆம் வருஷம் வெள்ளைக்காரன் எழுதிய பீனல் கோட்டில் 268ஆவது பிரிவாக இருந்தது. காற்றைக் கெடுத்துச் சுகாதாரத்துக்குத் தீங்கு செய்வது 278ஆவது பிரிவு. ரயிலைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். கூட வரும் பிரயாணிகளின் சம்மதமில்லாமல் வண்டியில் புகை பிடித்தால் 20 ரூபாய் வரை அபராதம் என்று 1890ஆம் வருஷத்து ரயில்வே சட்டமே சொல்லியிருந்தது. 20 ரூபாய் அன்று எத்தனை மாதக் கூலி என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆக, சட்டம் 139 வருஷ காலம் புத்தகத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறது. எழுப்பியது யார்? சர்க்காரா? மந்திரிகளா? "எனக்கு மூச்சு விட உரிமை உண்டா, இல்லையா?" என்று கோர்ட்டில் போய்க் கேட்ட சாதாரண மனிதர்கள். அவர்கள் கேட்டிராவிட்டால் அது இன்னும் ஒரு நூறு வருஷம் தூங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. பம்பாயைச் சேர்ந்த முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2001ஆம் வருஷம் நவம்பர் 2ந் தேதி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூல் நிலையம், கோர்ட்டுக் கட்டடம், சர்க்கார் ஆபீஸ், பஸ், ரயில் இங்கெல்லாம் இந்தியா முழுவதும் புகை பிடிக்கக் கூடாதென்று உத்தரவிட்டது. தமிழ்நாடு 2002ஆம் வருஷத்தில் புகைத்தலுக்கும் எச்சில் துப்புதலுக்கும் சேர்த்து ஒரு தடைச் சட்டம் செய்தது. 2003ஆம் வருஷம் பார்லிமெண்டு புகையிலைப் பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் செய்தது. அதன் கீழ் எழுதப்பட்ட விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் அமுலுக்கு வந்தன. சிகரெட் கம்பெனியும் ஓட்டல்காரர்களும் இதை நிறுத்தி வைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டில் மன்றாடியும் தடை கிடைக்கவில்லை. சாப்பாட்டுக் கடை, காப்பிக் கடை, சினிமாக் கொட்டகை, ரயிலடி, பஸ் நிலையம், பஸ் நிறுத்தம், வேலை செய்யும் இடம் எல்லாம் 'பொது இடம்' என்று இப்போது எழுதியாகி விட்டது. அந்த அம்மாள் நின்றாளே, அந்த நிழற்குடையும் பொது இடந்தான். தறிக்கூடமும் வேலை செய்யும் இடந்தான். பழைய பீனல் கோட்டு 2024 ஜூலை 1 முதல் போய்ப் புதுச் சட்டம் வந்த போதிலும் அந்தக் குற்றங்கள் போகவில்லை. பொதுத் தொல்லை 270ஆவது பிரிவாகவும், காற்றைக் கெடுப்பது 280ஆவது பிரிவாகவும் நம்பர் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

சட்டம் இவ்வளவு இருந்தும் அந்தக் கனவான் ஏன் சிரித்தார்? சட்டம் தெரியாததனால் என்று நாம் நினைக்கவில்லை. எவனும் கேட்க மாட்டான் என்று தெரிந்ததனால்தான் சிரித்தார்.

சட்டத்திலும் குறை இல்லாமலில்லை. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் வரை என்று 2003ஆம் வருஷம் எழுதினார்கள். அன்றைய 200 ரூபாய் வேறு, இன்றைய 200 ரூபாய் வேறு. கர்நாடகம் 2025ஆம் வருஷத்தில் அதை 1,000 ரூபாயாக உயர்த்திக் கொண்டது. இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. 30 அறைகளுக்குக் குறையாத ஓட்டலும், 30 பேருக்குக் குறையாமல் உட்காரும் சாப்பாட்டுக் கடையும், விமான நிலையமும் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கிக் கொள்ளலாமாம். அதாவது பணக்காரன் புகைக்கு அறை. கூலிக்காரன் புகைக்கு அபராதம். போகட்டும், புகைப்பவன் பணக்காரனோ ஏழையோ என்ற பேச்சை விட்டு விடுவோம். அந்தத் தனி அறைக்குள் போய்ச் சாம்பலை அள்ளிக் கூட்டித் துடைப்பவன் யார்? தட்டு எடுத்துக் கொண்டு போகும் பையன் யார்? அவர்களுடைய மூச்சு மட்டும் 21ஆவது விதிக்குள் அடங்காத மூச்சா? சட்டம் எழுதினவர்களுக்கு அந்த அறையில் உட்காருகிறவன் தெரிந்தான், கூட்டுகிறவன் தெரியவில்லை.

வீட்டுக்குள் எந்தச் சட்டமும் நுழைவதில்லை என்பது இன்னொரு விஷயம். 2016-17இல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி வயது வந்தவர்களில் 100க்கு 38.7 பேர் வீட்டிலேயே பிறர் புகையை வாங்குகிறார்கள். கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் 100க்கு 30.2 பேர் வேலை இடத்தில் வாங்குகிறார்கள். அதே கணக்கில் புகை பிடிப்பவர்களோ 100க்கு 10.7 பேர். பத்துப் பேர் ஊதுவதை நாற்பது பேர் சுவாசிப்பது என்றால் இதில் சிறுபான்மை யார், பெரும்பான்மை யார்? வீட்டுக்குள் போலீசை அனுப்ப வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அப்பனுக்கு மறைக்கத் தெரிந்தவனுக்குப் பிள்ளைக்காக வாசலுக்கு எழுந்து போகத் தெரியாதா? வீட்டுப் பெண்கள் அதைக் கேட்கத் துணிய வேண்டும். ரோட்டில் ஒரு தடவை கேட்டு, அங்கே கேட்டது நியாயம் என்று நாலு பேர் பக்கத்தில் நின்றால்தான் வீட்டிலும் கேட்கும் தைரியம் வரும்.

"பீடி சுற்றுகிற பெண்கள் பிழைப்பு என்ன ஆவது, புகையிலை பயிரிடும் குடியானவன் என்ன ஆவது?" என்று சிலர் கண்ணீர் விடுகிறார்கள். பஸ் நிறுத்தத்தில் ஊதாதே என்றால் குடியானவன் வாயில் மண் விழுந்து விடாது. பீடி சுற்றும் பெண்ணும் பஸ்ஸில்தான் போகிறாள். அவளுக்கும் பிள்ளை உண்டு. "கோழிப் பண்ணை நாற்றத்தை விடவா, லாரிப் புகையை விடவா இது?" என்று கேட்கும் பல்லடத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த நாற்றத்தையும் அந்தப் புகையையும் தடுக்க வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பொதுத் தொல்லைச் சட்டம் அவற்றுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. முதுகில் இரண்டு மூட்டை இருக்கிறதே என்பதற்காக மூன்றாவதையும் ஏற்றுவதா?

இனி, செய்யக் கூடியது என்ன? ஒவ்வொரு பொது இடத்திலும் நுழைகிற வழியில், 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையாமல், இங்கே புகைப்பது குற்றம் என்று பலகை வைக்க வேண்டும் என்பது விதி. புகார் யாரிடம் சொல்லுவது என்று ஒருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, பற்ற வைக்கும் கருவி எதையும் அங்கே வைத்திருக்கக் கூடாது. டீக்கடைத் தூணில் கயிற்றில் கட்டித் தொங்குகிறதே லைட்டர், அதுவும் கூடாது. புகாரைக் கவனிக்காமல் விட்டால் இடத்துக்கு உடையவரே, அங்கே எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனைக்கும் அபராதம் கட்ட வேண்டியவர். ஆகவே புகைக்கிற ஆளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, கடைக்காரரிடமும் கூட முதலாளியிடமும் போய், "பலகை எங்கே?" என்று கேட்டால் போதும். அபராதம் போடும் அதிகாரம் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் முதற்கொண்டு ஆஸ்பத்திரித் தலைவர், பள்ளித் தலைமை ஆசிரியர், ஸ்டேஷன் மாஸ்டர் வரை பலருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை அவர்கள் துருப்பிடிக்க விட்டு வைத்திருந்தால், நாலு பேர் கையெழுத்துப் போட்டு அவர்களுக்கே மனுக் கொடுக்கலாம்.

அதற்கும் அசையாவிட்டால், பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் புதுக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆவது பிரிவில் இருக்கிறது. கேரளத் தீர்ப்பில் பேசப்பட்ட 133ஆவது பிரிவுதான் இப்படி நம்பர் மாறி வந்திருக்கிறது. வக்கீலுக்குப் பணம் எங்கே என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டவர்களுக்கும், பழங்குடிகளுக்கும், தொழிலாளிகளுக்கும் இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டுமென்று 1987ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சொல்லுகிறது. சட்டப் பணிகள் குழு என்று கோர்ட்டில் விசாரித்தால் காட்டுவார்கள். எந்தக் கூட்டம் இதுவரை பண்ணாடி முன்னால் முகம் சுளிக்காமல் புகையை வாங்கிற்றோ, அந்தக் கூட்டத்துக்கே இந்த உதவி எழுதி வைத்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் இயக்கத்துத் தோழர்களில் பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கொஞ்சமல்ல என்பது நமக்குத் தெரியும். நம் கூட்டம் நடக்கும் கொட்டகைகளிலேயே பெண்கள் கடைசி வரிசைக்கும் வாசலுக்கும் ஒதுங்குவதற்கு இந்தப் புகையும் ஒரு காரணம் என்று ஒரு தோழியர் நம்மிடம் முகத்துக்கு நேரே சொன்னார். பதில் சொல்ல நம்மிடம் வாயில்லை. வருகிற கூட்டங்களில் கொட்டகை வாசலில் முதலில் அந்தப் பலகை ஏறட்டும். புகைக்க வேண்டியவர்கள் வெளியே வெட்ட வெளிக்குப் போய் வரட்டும். பிறகு ஊரைக் கேட்போம்.

பல்லடம், சோமனூர், காங்கயம், திருப்பூர் பக்கங்களிலுள்ள தோழர்கள் இந்த மாதத்தில் தங்கள் ஊர் பஸ் நிறுத்தம், டீக்கடை, தறிக்கூடம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சுற்றிப் பார்த்து, எத்தனை இடத்தில் பலகை இருக்கிறது, எத்தனை இடத்தில் இல்லை, மனுக் கொடுத்தால் என்ன பதில் வந்தது என்று ஒரு கார்டில் எழுதி அனுப்பும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம். கடைக்காரர்கள் பெயர் எழுத வேண்டியதில்லை. தெருவும் எண்ணிக்கையும் போதும். வருகிற கணக்கை வந்தபடியே வெளியிடுவோம். அந்த நிழற்குடையை நாமே போய்ப் பார்த்தோம். சினிமா நோட்டீஸ் ஒன்பது ஒட்டியிருக்கிறது, பலகை இல்லை.